மகனின் ஆட்டிசம் தெரபிக்குக் காப்பீட்டு அனுமதி வரவில்லை: நியூ ஜெர்சியில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

எடிசன் அம்மா கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் மிடில்செக்ஸ் கவுண்டியில் வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு மூன்று வயது நிறைவடைய இன்னும் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் இருக்கின்றன. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. முன்பு சொல்லிக்கொண்டிருந்த ‘பால்’, ‘தாத்தா’ போன்ற சில சொற்களும் நின்றுவிட்டன. வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் சிறப்பு மருத்துவரிடம் நேரம் கிடைப்பதற்கே மாதக்கணக்கில் ஆயிற்று. அவர் முறையான பரிசோதனைகளைச் செய்து ஆட்டிசம் என்று உறுதிப்படுத்தி, ஏபிஏ எனப்படும் நடத்தைப் பகுப்பாய்வுத் தெரபியையும் பேச்சுப் பயிற்சியையும் தாமதமின்றித் தொடங்குமாறு அறிக்கையில் எழுதியிருக்கிறார்.

எங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு தெரபி மையத்தில் பதிவு செய்து, கேட்ட ஆவணங்களையெல்லாம் கொடுத்துவிட்டோம். அதன் பிறகு ஒரே பதில்தான் வருகிறது: காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி வந்தால்தான் தொடங்க முடியும். காப்பீட்டு நிறுவனத்தை அழைத்தால், ஒரு முறை பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். மறு முறை அப்படி ஒரு விண்ணப்பமே தங்கள் கணினியில் இல்லை என்கிறார்கள். மையத்திடம் இதைச் சொன்னால், நாங்கள் அனுப்பிவிட்டோம் என்று முடித்துக்கொள்கிறார்கள். மருத்துவர் ‘தாமதமின்றி’ என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது எத்தகையது என்பதை இங்குள்ள பலர் அறிவீர்கள்.

எனக்குச் சில ஐயங்கள் உள்ளன. இத்தகைய அனுமதிக்குச் சட்டப்படி ஏதேனும் கால வரம்பு உண்டா? அனுமதி வரும் வரை நாங்களே பணம் கட்டித் தொடங்கிவிட்டுப் பின்னர் காப்பீட்டில் திரும்பக் கேட்கலாமா? சிறு குழந்தைகளுக்கு முன்கூட்டியே உதவும் மாநில அரசின் ஏர்லி இன்டர்வென்ஷன் திட்டம் காப்பீடு இல்லாதவர்களுக்கு மட்டுமே உரியது என்று ஒரு தோழி சொன்னார்; அது உண்மையா, அதில் சேர்ந்தால் எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பத்துக்குப் பாதிப்பு வருமா? கணவர் எச்1பி விசாவில் இருக்கிறார். காப்பீடு அவருடைய நிறுவனத்தின் வழியாக வருகிறது. பிள்ளையின் நிலையைப் பற்றி அலுவலகத்தில் பேசவே அவர் தயங்குகிறார். திருச்சியிலிருந்து மாமியார், ஆறு மாதம் இங்கே வந்துவிடுங்கள், இங்கேயும் நல்ல தெரபி கிடைக்கிறது என்று நாள்தோறும் சொல்கிறார். எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை.

ராரிட்டன் கரை:

வணக்கம் சகோதரி. எங்கள் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இதே வரிசையில் நாங்களும் நின்றிருக்கிறோம். காத்திருப்பதற்கு முன்னால், எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். தாலுகா அலுவலகத்தில் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று விசாரிப்பதைப் போல இங்கும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

ஏபிஏ-வுக்கு அனுமதி என்பது பெரும்பாலான காப்பீடுகளில் ஒன்றல்ல, இரண்டு. முதலில் பிசிபிஏ எனப்படும் நடத்தைப் பகுப்பாய்வாளர் குழந்தையை மதிப்பீடு செய்வதற்கு அனுமதி கேட்கப்படுகிறது. அந்தச் சேவைக்குக் காப்பீட்டில் பயன்படுத்தும் குறியீடு 97151. அந்த மதிப்பீடு முடிந்து, குழந்தைக்கு என்னென்ன இலக்குகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று திட்டம் எழுதப்பட்ட பிறகே, தெரபிக்கான இரண்டாவது அனுமதி கேட்கப்படுகிறது. அதில் ஆர்பிடி எனப்படும் பயிற்சியாளர் குழந்தையோடு நேரடியாகச் செலவிடும் நேரத்துக்கு 97153, பிசிபிஏ நேரில் பார்த்துத் திட்டத்தை மாற்றியமைப்பதற்கு 97155, பெற்றோருக்கு அளிக்கும் வழிகாட்டலுக்கு 97156 என்று குறியீடுகள் இருக்கும். உங்களுக்கு மதிப்பீடே நடக்கவில்லை என்றால், காப்பீட்டு நிறுவனத்தின் மேசையில் இப்போது இருக்கக்கூடியது முதல் விண்ணப்பம் மட்டுமே. மதிப்பீடு நடந்துவிட்டது என்றால், அறிக்கையை எழுதி முடிக்காமல் மையமே வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். பிசிபிஏ-க்கள் போதாத மையங்களில் இது மிகவும் வழக்கமானது, அதை அவர்கள் தாமாகச் சொல்வதும் இல்லை. காப்பீட்டின் மேல் பழியைப் போடுவது எல்லோருக்கும் எளிது.

ஆகவே மையத்துக்குத் தொலைபேசியில் அல்ல, மின்னஞ்சலில் எழுதுங்கள்: விண்ணப்பம் எந்தத் தேதியில், எந்தக் குறியீடுகளுக்கு, எந்த வழியில் அனுப்பப்பட்டது, அதற்குக் கிடைத்த பதிவு எண் என்ன என்று கேளுங்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனத்தை அழையுங்கள். அட்டையின் பின்புறத்தில் மனநலச் சேவைகளுக்கு என்று தனி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல திட்டங்களில் ஏபிஏ விண்ணப்பங்கள் மனநலப் பிரிவுக்கோ அதற்கென அமர்த்தப்பட்ட வேறொரு நிறுவனத்துக்கோ போகின்றன. பொது எண்ணில் பேசுபவரின் திரையில் அது தெரியாமலேயே இருக்கலாம். ‘விண்ணப்பமே இல்லை’ என்று உங்களுக்குக் கிடைத்த பதிலுக்கு இதுவே காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பேசியவரின் பெயர், தேதி, அழைப்பின் குறிப்பெண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நீங்களே பணம் கட்டுவதைப் பற்றி: முன் அனுமதி கட்டாயம் என்று இருக்கும் திட்டத்தில், அனுமதிக்கு முந்தைய தேதிகளில் நடந்த தெரபிக்குப் பணம் திரும்பக் கிடைப்பது அரிது. அந்தப் பணம் போனால் போகட்டும் என்று நினைக்க முடிந்தால் மட்டும் செய்யுங்கள். பேச்சுப் பயிற்சி வேறு கதை. பல திட்டங்களில் அதற்கு முன் அனுமதி தேவைப்படுவதில்லை, அல்லது முதல் சில அமர்வுகளுக்குத் தேவைப்படுவதில்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைக்காமல், பேச்சுப் பயிற்சியைத் தனியாக விசாரித்து இந்த வாரமே தொடங்கப் பாருங்கள்.

பலன் பிரிவுக்காரி:

வணக்கம். நான் ஒரு நிறுவனத்தின் மனிதவளத் துறையில், ஊழியர்களின் காப்பீட்டையும் பிற பலன்களையும் கவனிக்கும் பிரிவில் பணிபுரிகிறேன். கால வரம்பைப் பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் உங்கள் கணவர் தம் நிறுவனத்திடம் ஒரு வரி கேட்டாக வேண்டும். நம்முடைய திட்டம் நிறுவனமே பணம் போட்டு நடத்துவதா, அல்லது காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து முழுமையாக வாங்கப்பட்டதா?

அட்டையில் அச்சிட்டிருக்கும் பெயரைப் பார்த்து இதை அறிய முடியாது. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கின்றன. அட்டையில் பெயர் உள்ள நிறுவனம் கூலிக்குக் கணக்குப் பார்க்கும் வேலையை மட்டுமே செய்கிறது. அத்தகைய திட்டங்களை 1974-ஆம் ஆண்டின் எரிசா என்னும் கூட்டரசுச் சட்டம் ஆள்கிறது. மாநிலங்களின் காப்பீட்டுச் சட்டங்கள் அவற்றைக் கட்டுப்படுத்துவதில்லை. நியூ ஜெர்சி 2009-இல் ஏபிஏ உள்ளிட்ட ஆட்டிசம் சிகிச்சைகளைக் காப்பீடு ஏற்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. 2001-இல் இண்டியானாவில் தொடங்கிய இத்தகைய சட்டங்கள் இன்று ஐம்பது மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் உள்ளன. அந்தச் சட்டங்களைக் காட்டி வாதாடிவிட்டு, உங்கள் திட்டத்துக்கு அவை பொருந்தாது என்ற ஒற்றை வரிப் பதிலைப் பெற்று மனம் உடைந்தவர்களை என் வேலையில் பார்த்திருக்கிறேன். வாங்கப்பட்ட திட்டம் என்றால் மாநிலச் சட்டமும் பொருந்தும், மாநிலத்தின் வங்கி மற்றும் காப்பீட்டுத் துறையிடம் முறையிடவும் முடியும். நிறுவனம் தானே நடத்தும் திட்டம் என்றால் நீங்கள் போக வேண்டிய இடம் கூட்டரசின் தொழிலாளர் துறை.

நிறுவனம் தானே நடத்தும் திட்டமாக இருந்தாலும் கையறு நிலை என்று எண்ண வேண்டாம். 2008-ஆம் ஆண்டின் மனநலச் சமத்துவச் சட்டப்படி, மனநலச் சிகிச்சைகளை ஏற்கும் திட்டம், உடல்நோய்ச் சிகிச்சைகளுக்கு விதிப்பதைவிடக் கடுமையான கட்டுப்பாடுகளை அவற்றுக்கு விதிக்கக் கூடாது. முன் அனுமதி கேட்கும் முறையும் அந்தக் கட்டுப்பாடுகளில் அடங்கும். ஆட்டிசத்தை ஏற்றுக்கொண்டு ஏபிஏ-வை மட்டும் முற்றாக விலக்கி வைத்திருந்த திட்டங்களைத் தொழிலாளர் துறை விசாரித்துத் திருத்த வைத்ததை, 2022-இல் அமெரிக்கக் காங்கிரசுக்கு அளிக்கப்பட்ட அறிக்கையில் காணலாம்.

இப்போது கால வரம்பு. எரிசாவின் கீழ் உள்ள திட்டங்களில், சிகிச்சைக்கு முன்பே கேட்கப்படும் அனுமதிக்கு, விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்களுக்குள் விடை தர வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால், அதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டு மேலும் 15 நாள்கள் எடுத்துக்கொள்ளலாம். தேவையான தகவல் விடுபட்டிருந்தால் இன்னது வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அதைத் தருவதற்கு உங்களுக்குக் குறைந்தது 45 நாள்கள் கொடுக்க வேண்டும். இங்கேதான் பலருடைய விண்ணப்பங்கள் உறங்குகின்றன. தகவல் கேட்டுக் கடிதம் மையத்துக்குப் போயிருக்கும், மையத்தில் யாரும் பிரித்திருக்க மாட்டார்கள், காப்பீட்டு நிறுவனத்தின் கடிகாரமும் நின்றிருக்கும். ராரிட்டன் கரை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கூடுதல் தகவல் ஏதேனும் கேட்கப்பட்டிருக்கிறதா, எந்தத் தேதியில், யாரிடம் என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலை உங்களுக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

அவசர விண்ணப்பங்களுக்கு 72 மணி நேரமே வரம்பு. பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, சாலையை நோக்கி ஓடுவது போன்ற ஆபத்தான நடத்தைகள் இருந்து, அவனுடைய நிலையை அறிந்த மருத்துவர் இது அவசரம் என்று எழுதிக் கொடுத்தால், திட்டம் அதை அவசரமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி எதுவும் இல்லாதபோது மருத்துவரை வற்புறுத்தி எழுத வைக்காதீர்கள்.

மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்; மேல்முறையீட்டுக்கு உங்களுக்கு 180 நாள்கள் உண்டு; மறுப்புக்கு அடிப்படையாகப் பயன்படுத்திய விதிமுறைகளையும் ஆவணங்களையும் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். அதற்கு முன்பே, அறிக்கை எழுதிய மருத்துவரோ பிசிபிஏ-வோ காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவரோடு நேரடியாகப் பேசுவதற்கு ஒரு வாய்ப்பு வழக்கமாகத் தரப்படும். அதைத் தவறவிடாமல் கேட்டு வாங்குங்கள். குறைந்த மணி நேரத்துக்கு மட்டும் அனுமதி வரும் இடங்களில் பெரும்பாலும் இந்த உரையாடலிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. உள் மேல்முறையீட்டிலும் மருத்துவக் காரணம் காட்டி மறுத்தால், நான்கு மாதங்களுக்குள் வெளியாரின் மறு ஆய்வைக் கோரலாம். அவர்களுடைய முடிவு திட்டத்தைக் கட்டுப்படுத்தும்.

உங்கள் கணவரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் மேலாளரிடம் எதுவும் சொல்லத் தேவையில்லை. மனிதவளத் துறையின் பலன் பிரிவுக்கு மட்டும் எழுதி, திட்டத்தின் முழு விளக்கப் புத்தகத்தைக் கேட்கலாம். எழுத்தில் கேட்டால் 30 நாள்களுக்குள் கொடுத்தாக வேண்டும், அதைக் கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. பலன்களைப் பயன்படுத்தியதற்காக ஊழியரைப் பழிவாங்குவதை எரிசா தடை செய்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவரின் உறவினர் என்பதற்காக ஊழியரிடம் பாகுபாடு காட்டுவதை 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இருப்பதாலேயே எல்லா மேலாளர்களும் நல்லவர்களாகிவிடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆகையால்தான் மேலாளரை விட்டுவிட்டுப் பலன் பிரிவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். நிறுவனமே நடத்தும் திட்டம் என்றால் அந்தப் பிரிவுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் ஒரு தொடர்பாளர் இருப்பார். வாடிக்கையாளர் எண்ணில் பல வாரங்கள் தேங்கிய விண்ணப்பம், அவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பியதும் நகர்ந்ததைக் கண்டிருக்கிறேன்.

பேச்சுப் பயிற்றுநர்:

எடிசன் அம்மாவுக்கு வணக்கம். நான் பேச்சு மொழிப் பயிற்றுநர். பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டாத குழந்தைகளோடு பணிபுரிகிறேன். மேலே இருவரும் காப்பீட்டை விரிவாகச் சொல்லிவிட்டார்கள். என் கவலை உங்கள் மகனின் மூன்றாவது பிறந்தநாளைப் பற்றியது.

ஏர்லி இன்டர்வென்ஷன் காப்பீடு இல்லாதவர்களுக்கானது என்று உங்கள் தோழி சொன்னது சரியல்ல. மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளின் கல்விக்கான கூட்டரசுச் சட்டத்தின் ஒரு பகுதியாக, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக ஒவ்வொரு மாநிலமும் நடத்தும் திட்டம் இது. மருத்துவரின் பரிந்துரை கட்டாயமில்லை. பெற்றோரே மாநிலத்தின் பொது எண்ணை அழைத்துப் பதிவு செய்யலாம். பதிவு செய்த நாளிலிருந்து 45 நாள்களுக்குள் மதிப்பீட்டை முடித்து, குடும்பத்துக்கான சேவைத் திட்டத்தை எழுதும் கூட்டம் நடத்தப்பட வேண்டும். மதிப்பீடும் ஒருங்கிணைப்பாளரின் உதவியும் இலவசம். சேவைகளுக்கு நியூ ஜெர்சியில் குடும்ப வருமானத்தைப் பொறுத்து ஒரு பங்கு கட்ட வேண்டியிருக்கலாம். அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். பயிற்றுநர்கள் பெரும்பாலும் வீட்டுக்கே வருவார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதிக்காக இதைத் தொடங்காமல் இருக்க வேண்டியதில்லை.

மூன்று வயது நிறைந்ததும் இந்தத் திட்டம் முடிந்து, பொறுப்பு உங்கள் ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது. நியூ ஜெர்சியில் அந்த மாற்றத்துக்கான கோரிக்கை மூன்றாவது பிறந்தநாளுக்குக் குறைந்தது 120 நாள்கள் முன்பே பள்ளி மாவட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஐந்து மாதம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த நாள் மிக அருகில் இருக்கிறது. ஆகவே ஏர்லி இன்டர்வென்ஷனில் பதிவு செய்யும் அதே வாரத்தில், பள்ளி மாவட்டத்தின் சிறப்புக் கல்வி அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். எங்கள் மகனைச் சிறப்புக் கல்விக்காக மதிப்பிடுமாறு கோருகிறோம் என்று இரண்டு வரி போதும். மருத்துவ அறிக்கையின் நகலை இணைத்து, தேதியிட்டு, பெற்றுக்கொண்டதற்கான சான்றோடு கொடுங்கள். கடிதம் கிடைத்த 20 நாள்களுக்குள் அவர்கள் உங்களை அழைத்துக் கூட்டம் நடத்த வேண்டும். கோடை விடுமுறையும் அந்தக் கணக்கில் சேரும் என்பதை நினைவில் வையுங்கள், ஏனெனில் செப்டம்பரில் பார்க்கலாம் என்று சொல்லும் அலுவலகங்களும் உண்டு. மதிப்பீட்டுக்கு நீங்கள் ஒப்புதல் தந்த நாளிலிருந்து 90 நாள்களுக்குள் மதிப்பீட்டை முடித்து, தகுதியைத் தீர்மானித்து, குழந்தைக்கான கல்வித் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். அந்தத் திட்டப்படி பள்ளி மாவட்டம் தரும் பாலர் வகுப்புக்குக் கட்டணம் கிடையாது.

கிரீன் கார்டு பற்றி நான் வழக்கறிஞர் அல்ல. எனினும் இவை கல்விச் சட்டத்தின் கீழ் குழந்தைக்கு உள்ள உரிமைகள். பெற்றோரின் விசாவை வைத்து இவை தரப்படுவதுமில்லை, மறுக்கப்படுவதுமில்லை. மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்ட் வேறு. அதற்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் முன்கூட்டியே குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எங்கள் துறையிலேயே சிலர் இன்னும் தவறாகச் சொல்கிறார்கள். பிள்ளைக்குக் குழப்பமாக இருக்கும், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். இருமொழிச் சூழல் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பேச்சைப் பின்னடையச் செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில் பேசும்போதுதான் நீங்கள் அதிகம் பேசுவீர்கள், தாலாட்டுவீர்கள், கொஞ்சுவீர்கள், பிள்ளையின் சின்ன அசைவுக்கும் உடனே பதில் சொல்வீர்கள். அவன் கை நீட்டும் பொருளின் பெயரைத் தமிழிலேயே சொல்லி, சற்று நேரம் காத்திருந்து, பிறகு கொடுங்கள். குளிக்க வைக்கும்போதும் சோறு ஊட்டும்போதும் இதைச் செய்யலாம். மதிப்பீட்டுக்கு வருபவரிடம் வீட்டு மொழி தமிழ் என்று முன்பே தெரிவியுங்கள். அவன் சொல்லிக்கொண்டிருந்த தமிழ்ச் சொற்களும் கணக்கில் சேர வேண்டும்.

வாசல் திண்ணை:

எங்கள் மகன் கல்லூரிக்குச் செல்லும் வயதில் இருக்கிறான். பேசுவது குறைவு, தட்டச்சு செய்து உரையாடுவான். மேலே உள்ளவை யாவும் பயனுள்ளவை. அனுமதி எப்படி வாங்குவது என்பதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். எதற்கு அனுமதி வாங்கப் போகிறோம் என்பதைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

வாரத்துக்கு நாற்பது மணி நேரம் என்று மையத்தில் சொல்வார்கள். இந்த எண் 1987-இல் லோவாஸ் என்பவர் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிறு எண்ணிக்கையிலான குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்விலிருந்து பரவியது. எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் மருந்தளவு அல்ல. பகலில் தூங்கி எழும் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாற்பது மணி நேரம் என்பது ஒரு முழுநேர வேலை. கூடுதல் மணி நேரம் என்றால் மையத்துக்குக் கூடுதல் வருமானம் என்பதையும் மறக்க வேண்டாம். அதற்காக எல்லா மையங்களையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. சிறு வயதில் ஏபிஏ பெற்று வளர்ந்த ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், கண்ணைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதும் கையை ஆட்டுவதை அடக்கியதும் தங்களுக்குத் துன்பமாக இருந்தன என்று வெளிப்படையாக எழுதிவருகிறார்கள். அதைப் படித்த பிறகு நாங்கள் மகனின் திட்டத்திலிருந்து சில இலக்குகளை நீக்கச் சொன்னோம், மையமும் நீக்கியது.

காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும் சிகிச்சைத் திட்டம் உங்கள் கையெழுத்தோடுதான் போகும். அனுப்புவதற்கு முன் ஒவ்வோர் இலக்கையும் படியுங்கள். தண்ணீர் வேண்டும் என்று சொல்லவோ காட்டவோ கற்பது, உடை மாற்றும்போது அழாமல் இருப்பது, வாசலைத் தாண்டி ஓடாமல் நிற்பது போன்றவை அவனுக்குப் பயன்படும். கண்ணோடு கண் நோக்குவது யாருக்குப் பயன்படும் என்று பிசிபிஏ-விடம் கேளுங்கள். அமர்வின்போது நீங்கள் அறைக்குள் இருக்கலாமா என்றும் கேளுங்கள். ‘கூடாது’ என்று சொல்லும் மையத்துக்காக நான் காத்திருக்க மாட்டேன்.

ஊருக்குப் போவதைப் பற்றி: சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, திருச்சியிலும் பயிற்சி மையங்கள் உள்ளன, ஆட்டிசம் சான்றிதழ் பெற்ற இந்தியக் குடிமக்களுக்கு நிராமயா என்ற அரசுக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் உங்கள் பிள்ளை இங்கே பிறந்திருந்தால் அந்தக் கடைசி வாசல் திறக்காது. பேச்சுப் பயிற்றுநர் சொன்ன மூன்று வயதுக் கெடு ஓடிக்கொண்டிருக்கும் இந்த மாதங்களில் ஊருக்குப் போனால், திரும்பி வந்து பள்ளி மாவட்டத்தின் வரிசையில் புதிதாக நிற்க நேரிடும். மாமியாரை இங்கே வரவழைக்க முடியுமா என்று பாருங்கள். தெரபி நடக்கும் வீட்டில் ஒரு பெரியவர் கூட இருப்பது பெரிய உதவி. அவருக்கும் பேரனின் நிலை நேரில் புரியும்.

எடிசன் அம்மா:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கினேன்; மனநலப் பிரிவின் எண்ணும் அட்டையிலேயே சிறிய எழுத்தில் இருந்தது. மதிப்பீட்டுக்கான விண்ணப்பம் அவர்களிடம் இருக்கிறது. மருத்துவரின் அறிக்கையில் பரிசோதனையின் மதிப்பெண்கள் உள்ள பக்கங்கள் இணைக்கப்படவில்லை என்று மையத்துக்குத் தொலைநகல் அனுப்பியிருக்கிறார்கள். பலன் பிரிவுக்காரி அவர்கள் சொன்னது போலவே அதற்குப் பதில் போகவில்லை. முழு அறிக்கையையும் நானே மையத்துக்கு மீண்டும் கொடுத்து, அனுப்பியதற்கான உறுதிச்சீட்டைக் கேட்டிருக்கிறேன். ஏர்லி இன்டர்வென்ஷனில் பதிவு செய்தாயிற்று. பள்ளி மாவட்டத்துக்கும் கடிதம் கொடுத்தாயிற்று. கணவர் பலன் பிரிவுக்கு எழுதினார். திட்டம் நிறுவனமே நடத்துவது என்று அன்றே பதில் வந்தது. மாமியாரின் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. அனுமதிக் கடிதம் வந்ததும் அதில் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

பலன் பிரிவுக்காரி:

மகிழ்ச்சி. முதலில் தேதிகள்: அனுமதி எந்த நாளில் தொடங்குகிறது, எந்த நாளில் முடிகிறது என்று பாருங்கள். ஏபிஏ-வுக்குப் பெரும்பாலும் ஆறு மாதங்களுக்கே தருவார்கள். மையத்தில் ஆள் கிடைக்கத் தாமதமானால் அந்த ஆறு மாதம் வீணாகக் கரையும்; ஆகவே தொடங்கும் தேதியை மையத்திடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். அடுத்து, மையத்தின் பெயரும் அது உங்கள் திட்டத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மையங்களின் வலையமைப்புக்குள் இருப்பதாகக் குறிப்பும் உள்ளனவா என்று பாருங்கள். நியாயமான தொலைவில் வலையமைப்புக்குள் இடமே இல்லை என்றால், வெளி மையத்துக்கும் உள் மையத்துக்குரிய பங்கையே நீங்கள் செலுத்துமாறு தனி ஒப்பந்தம் கேட்கலாம்.

பிறகு அலகுகள். கடிதத்தில் மணி நேரம் இருக்காது. இந்தக் குறியீடுகளில் ஓர் அலகு என்பது 15 நிமிடம். வாரத்துக்கு 15 மணி நேரம், 26 வாரங்கள் என்று திட்டம் இருந்தால் 97153-க்கு 1,560 அலகுகள் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் மணி நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள் என்று பொருள். அது பகுதி மறுப்பு, அதற்கும் மேல்முறையீடு உண்டு. பெற்றோர் வழிகாட்டலுக்கான 97156 இல்லாமல் வந்தால் மையத்தைக் கேளுங்கள். பல மையங்கள் அதைக் கேட்கவே மறந்துவிடுகின்றன.

முன் அனுமதி என்பது பணம் கட்டுவதற்கான உறுதிமொழி அல்ல என்று கடிதத்தின் அடியில் எழுதியிருப்பார்கள். ஜனவரியில் திட்டம் புதுப்பிக்கப்பட்டால் டிடக்டிபிள், அதாவது காப்பீடு தரத் தொடங்கும் முன் நீங்களே செலவிட வேண்டிய தொகை, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்; அதற்கான பணத்தை ஒதுக்கி வையுங்கள். கணவர் வேலை மாறினாலோ நிறுவனம் வேறு காப்பீட்டுக்கு மாறினாலோ பழைய அனுமதி செல்லாது என்பதால், நவம்பரில் திட்டம் தேர்ந்தெடுக்கும் காலத்தில் எதுவும் மாற்றும் முன் மையத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி முடியும் நாளுக்கு ஆறு வாரங்கள் முன்பே, புதுப்பிப்பதற்கான அறிக்கை எழுதப்பட்டுவிட்டதா என்று பிசிபிஏ-வுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.